உயிருள்ள செல் நுண்ணோக்கி: அறிகுறியிலிருந்து கோளாறைத் தேடும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் ஆய்வகங்களில் உயிருள்ள செல்களை மணிக்கணக்கில் படமெடுப்பவர்களுக்கான குறிப்பு இது. ஸ்பின்னிங் டிஸ்க் (சுழலும் துளைத்தட்டு வழியே வேகமாகப் படமெடுப்பது), லைட்-ஷீட் (தாள்போல் மெல்லிய ஒளியைப் பக்கவாட்டில் செலுத்துவது), எஸ்.ஐ.எம். (கோடுகோடான ஒளியில் எடுத்த பல படங்களைக் கணக்கிட்டு ஒரு நுண்படமாக்குவது) என்று கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனால் இரவு முழுக்க ஓடிய பரிசோதனையைக் காலையில் திறந்து பார்க்கும்போது அதைக் கெடுத்திருப்பவை பெரும்பாலும் பழைய ஆட்கள்தான்: சூடு, வாயு, அளவுக்கு மீறிய ஒளி, லென்ஸில் அழுக்கு. விலையுயர்ந்த பாகத்தைச் சந்தேகிக்கும் முன் இந்த நான்கையும் பாருங்கள்.

எந்த அறிகுறிக்கும் மூன்று பொருள்கள் தேவைப்படும். முதலாவது, 0.1 அல்லது 0.2 மைக்ரோமீட்டர் ஒளிரும் நுண்மணிகள் ஒட்டவைத்த ஸ்லைடு. இரண்டாவது, மீடியத்துக்குள் (செல்கள் வளரும் திரவத்துக்குள்) நுழையக்கூடிய மெல்லிய தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி). மூன்றாவது, ஆப்ஜெக்டிவிலிருந்து (மாதிரிக்கு அருகிலுள்ள லென்ஸிலிருந்து) வெளிவரும் ஒளியை மில்லிவாட்டில் காட்டும் பவர் மீட்டர். இதைப் பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கினாலும் போதும்.

நுண்மணி ஸ்லைடில் படம் நன்றாக வந்து, செல்லில் மட்டும் கெட்டால் கருவியில் கை வைக்காதீர்கள். கோளாறு செல் வளரும் தட்டில் இருக்கிறது. நுண்மணியிலும் கெட்டால் செல்லைக் குறை சொல்ல வேண்டாம்.

## அறிகுறி 1: செல்கள் உருண்டு, கொப்புளம் கட்டி, தட்டிலிருந்து பிரிகின்றன

முதல் கேள்வி ஒன்றுதான். அதே தட்டில், ஒளியே படாத ஒரு மூலைக்கு ஸ்டேஜை (தட்டு உட்காரும் மேடையை) நகர்த்திப் பாருங்கள். அங்குள்ள செல்கள் எப்படி இருக்கின்றன?

### ஒளி படாத மூலையிலும் நலிந்திருந்தால்

கோளாறு சூழலில். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

சூடு. கன்ட்ரோலர் திரையில் 37 என்று இருப்பது ஹீட்டரின் சூடு. தெர்மோகப்பிளைத் தட்டில் உள்ள மீடியத்தில், ஆப்ஜெக்டிவுக்கு நேர் மேலே, செல்களை ஒட்டி வைத்து அளந்து பாருங்கள். எண்ணெய் ஆப்ஜெக்டிவ் (லென்ஸுக்கும் தட்டின் கண்ணாடிக்கும் நடுவே எண்ணெய் வைத்துப் பார்ப்பது) பெரிய உலோகக் கட்டி. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதால் செல்களின் சூட்டைச் சில டிகிரி இழுத்துவிடும். தட்டின் ஓரத்தில் 37, நடுவில் 34 என்று வந்தால் காரணம் இதுதான். ஸ்டேஜ் சூட்டை ஏற்றி ஈடுகட்டினால் ஓரத்துச் செல்கள் வெந்துபோகும். சரியான தீர்வு ஆப்ஜெக்டிவ் கழுத்தில் சுற்றும் ஹீட்டர் பட்டை. அதையும் லென்ஸ் தயாரிப்பாளர் சொன்ன உச்ச வரம்புக்குள் வையுங்கள். உள்ளே லென்ஸ்களை ஒட்டியிருக்கும் பசை சூட்டுக்கு இளகக்கூடியது. ஒரு டிகிரி குறைந்தால் செல் மெதுவாகும், அவ்வளவுதான். இரண்டு டிகிரி கூடினால் அது வெப்ப அழுத்தத்தில் வேறு செல்லாகவே நடந்துகொள்ளும்.

ஆவியாதல். 35 மில்லிமீட்டர் தட்டில் 2 மில்லிலிட்டர் மீடியம் ஊற்றியிருந்தால் அதில் 0.2 மில்லிலிட்டர் போனாலே உப்புச் செறிவு 290-லிருந்து ஏறக்குறைய 320 மில்லிஆஸ்மோலுக்கு ஏறிவிடும். செல் சுருங்கத் தொடங்கும். சோதனை எளிது: ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தட்டை எடை போடுங்கள். 0.2 கிராம் குறைந்திருந்தால் அதுதான் காரணம். டர்பன் கோடையில் இது பெரிய தொல்லையில்லை. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் குளிர்கால நாட்களில் ஜோகன்னஸ்பர்க் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். அங்கு அதே தட்டு ஒரே இரவில் கெட்டுவிடும். ஈரப்பதக் குடுவையில் தண்ணீர் இருக்கிறதா, அது சூடாகிறதா என்று பாருங்கள். அதில் ஊற்ற வேண்டியது கிருமி நீக்கிய தூய நீர். குழாய் நீர் ஊற்றினால் சுண்ணாம்பும் பூஞ்சையும் குழலை அடைக்கும். அப்படியும் குறையவில்லை என்றால் மீடியத்தின் மேல் செல்வளர்ப்புக்கென்றே விற்கும் மினரல் எண்ணெயை மெல்லிய படலமாக ஊற்றுங்கள். வாயு அதை ஊடுருவும், நீர் போகாது.

கார்பன் டை ஆக்சைடு. மீடியத்தின் நிறத்தைப் பாருங்கள். ஃபீனால் ரெட் (பி.எச். காட்டும் சாயம்) கலந்த மீடியம் ஊதா கலந்த ரோஜா நிறத்துக்குப் போனால் வாயு போதவில்லை. மஞ்சளானால் அமிலம் கூடிவிட்டது, அல்லது கிருமி புகுந்துவிட்டது. ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் வைத்திருந்தால் பக்கத்தில் ஃபீனால் ரெட் உள்ள ஒரு தட்டைச் சாட்சிக்கு வையுங்கள்.

சிலிண்டர் மானியை நம்பாதீர்கள். சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. கடைசித் துளி திரவம் இருக்கும்வரை 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 57 பாரிலேயே நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் சரியத் தொடங்கும், பிறகு மளமளவென்று இறங்கும். வெள்ளி மாலை மானி நிறைவாகக் காட்டி, சனி விடியலில் வாயு தீர்ந்துபோவது இதனால்தான். சிலிண்டரை எடை போட்டு, அதன் தோளில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழியுங்கள். மிச்சம் என்ன என்பது அப்போது தெரியும்.

அடுத்தது உயரம். டர்பன் கடல் மட்டம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர். காற்றழுத்தம் 101-க்குப் பதில் 83 கிலோபாஸ்கல் அளவுதான். 5 சதவீதம் என்பது அங்கு கடல்மட்டத்து 4.1 சதவீதத்துக்குச் சமம். டர்பனில் எழுதிய செய்முறையை அங்கே அப்படியே ஓட்டினால் பி.எச். 0.1 அளவுக்குக் காரப்பக்கம் நகரும். ஈடுகட்ட 6 சதவீதம் வைக்க வேண்டும். ஆனால் குமிழைத் திருப்பும் முன் உங்கள் கன்ட்ரோலர் எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்:

- 5 சதவீதம் கலந்தே வரும் சிலிண்டர், அல்லது பாய்வு அளந்து கலக்கும் கருவி: இவை உண்மையான சதவீதத்தைத் தருபவை. ஜோகன்னஸ்பர்க்கில் 6 தேவை.
- அகச்சிவப்பு சென்சார், அழுத்தத் திருத்தம் இல்லாதது: இது மூலக்கூறுகளின் அடர்த்தியை அளக்கிறது. கடல்மட்டத்தில் அளவு திருத்தியிருந்தால், திரையில் 5 காட்டும்போதே தேவையான வாயு உள்ளே போய்விட்டது. இதையும் 6 ஆக்கினால் அமிலம் கூடும்.
- அகச்சிவப்பு சென்சார், அழுத்தத் திருத்தம் உள்ளது: 6 வையுங்கள்.

கையேட்டில் விவரம் கிடைக்காவிட்டால், மூன்று மணி நேரம் ஓடிய மீடியத்தைத் தட்டிலிருந்து எடுத்து உடனே பி.எச். அளந்துவிடுங்கள். 7.2-க்கும் 7.4-க்கும் நடுவே இருந்தால் சென்சார் எந்த வகையானாலும் கவலையில்லை.

வாயுவே இல்லாமல் ஓட்டுவதற்காக ஹெப்பிஸ் (பி.எச்.சை நிலைநிறுத்தும் பொருள்) சேர்ப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஹெப்பிஸும் ரைபோஃபிளேவினும் (வைட்டமின் பி2) சேர்ந்த மீடியத்தில் வெளிச்சம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். அந்த பாட்டிலை விளக்கடியில், ஜன்னலோரத்தில் வைத்தால் செல் தட்டுக்கு வரும் முன்பே விஷம் தயாராகிவிட்டது. பாட்டிலைத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள்.

### ஒளி பட்ட இடத்தில் மட்டும் நலிந்திருந்தால்

ஒளி நஞ்சாகியிருக்கிறது. ஒளிர்வு மங்கவில்லையே, பிறகு எப்படி ஒளியால் கேடு வந்திருக்கும் என்று பலர் வாதாடுகிறார்கள். சாயம் மங்குவதற்கு வெகு முன்பே செல் பாதிக்கப்படும். செல் பிரிவதில் தாமதம், மைட்டோகாண்ட்ரியா இழையாக இல்லாமல் துண்டுதுண்டாக உடைதல், ஊர்ந்துகொண்டிருந்த செல் நின்றுவிடுதல் ஆகியவை முதல் அடையாளங்கள். கொப்புளம் கடைசியில்தான் வரும். படம் அழகாக இருக்கும்போதே அது சொல்லும் கதை பொய்யாகியிருக்கும். இந்தக் கோளாறை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்ச வேண்டியது அதனால்தான்.

முதலில் கணக்குப் போடுங்கள். மூன்று நிறம், 15 அடுக்கு (வெவ்வேறு உயரத்தில் எடுக்கும் படங்கள்), ஒவ்வொன்றும் 100 மில்லிவினாடி, 2 நிமிடத்துக்கு ஒரு முறை, 12 மணி நேரம். மொத்தம் 360 முறை. செல்லின் மேல் விழும் ஒளி 27 நிமிடம். இதையே இரண்டு நிறம், 7 அடுக்கு, 50 மில்லிவினாடி, 5 நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றினால் 1 நிமிடம் 41 வினாடிதான். கேள்விக்குப் பதில் கிடைக்க எது போதுமோ அதற்கு மேல் ஒரு அடுக்கும் வேண்டாம். படம் கொஞ்சம் மணல்மணலாக இருக்கட்டும். கேமராவில் 2×2 பின்னிங் (நான்கு பிக்சலை ஒன்றாக்குவது) போடுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் அவை பழகாத உருவத்தைக் கொடுத்தால் இல்லாததை வரைந்து தரவும் செய்யும். எண்ணி அளக்கப் போகும் படத்தில் மூலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஷட்டர் தாமதம். கேமரா 50 மில்லிவினாடி பதிவு செய்ய, மென்பொருள் விளக்கை 250 மில்லிவினாடி திறந்து வைத்திருந்தால் செல் ஐந்து மடங்கு ஒளி வாங்குகிறது; படத்தில் இது தெரியவே தெரியாது. சோதனை: ஆப்ஜெக்டிவின் மேல் வெள்ளைத் தாள் வைத்து, பதிவை ஓடவிட்டு, கைப்பேசியின் மெதுவேக வீடியோவில் பிடியுங்கள். அடுக்கு மாறும்போதும் ஸ்டேஜ் நகரும்போதும் தாளில் வெளிச்சம் இருந்தால் இதுதான் கோளாறு. கேமராவின் டி.டி.எல். (திற, மூடு என்ற மின்குறி) வெளியீட்டிலிருந்து எல்.இ.டி. அல்லது லேசர் கன்ட்ரோலருக்கு ஒரு பி.என்.சி. கேபிள் இழுத்து, விளக்கைக் கேமராவே திறந்து மூடும்படி செய்யுங்கள். இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் திருத்தம் வேறு இல்லை.

நிறம். 405 நானோமீட்டர் (ஊதா) மிகக் கொடியது, 488 (நீலம்) பரவாயில்லை, 640 (சிவப்பு) மிகச் சாது. உயிருள்ள செல்லில் ஹெக்ஸ்ட் சாயம் போட்டு இரவு முழுக்கப் படமெடுத்தால் டி.என்.ஏ.வே சேதமாகும். உட்கருவைப் பார்க்க ஹிஸ்டோனோடு இணைத்த சிவப்புப் புரதம், அல்லது எஸ்.ஐ.ஆர். வகை அடர்சிவப்புச் சாயம் போடுங்கள். அந்தச் சாயத்தையும் அளவுக்கு மீறிப் போட்டால் செல் பிரிவதைத் தடுக்கும். தெரியும் அளவுக்குக் குறைந்த செறிவே போதும்.

மீடியம். ஃபீனால் ரெட்டும் ரைபோஃபிளேவினும் இல்லாததற்கு மாறுங்கள். பின்னணி வெளிச்சமும் குறையும், நஞ்சும் குறையும்.

ஒளிர்வே இல்லாமல் முடியுமா? இதைக் கேட்காமலே பலர் லேசரைப் போடுகிறார்கள். செல் எப்போது பிரிகிறது, எங்கே நகர்கிறது என்பதற்கு ஃபேஸ் கான்ட்ராஸ்டோ டி.ஐ.சி.யோ (சாயமில்லாமல் செல்லின் உருவத்தைக் காட்டும் முறைகள்) போதும். ஜோகன்னஸ்பர்க் அருகே ஜெர்மிஸ்டனில் பிறந்த சிட்னி பிரென்னர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த நூற்புழுவின் செல் வம்சாவளியை, ஜான் சல்ஸ்டனும் உடன் உழைத்தவர்களும் உயிருள்ள புழுவை நோமார்ஸ்கி டி.ஐ.சி.யில் கண்ணால் பார்த்தே வரைந்தார்கள். சாயம் ஒரு துளிகூட இல்லை. அந்தப் புழு ஆய்வுதான் 2002-இல் நோபல் பரிசு பெற்றது.

கருவி மாற்றம். மேலுள்ள எல்லாம் செய்தும் செல் நலிகிறது என்றால், புள்ளிபுள்ளியாக வருடும் கான்ஃபோகலை விட்டு ஸ்பின்னிங் டிஸ்க்குக்குப் போங்கள். பருமனான கரு, ஆர்கனாய்டு (உறுப்புபோல் வளர்த்த செல்திரள்) என்றால் லைட்-ஷீட். அதில் பார்க்கும் தளத்துக்கு மட்டுமே ஒளி விழுகிறது; மேலும் கீழும் உள்ள செல்கள் இருட்டில் இருக்கின்றன. 2014-இல் வெளிவந்த லாட்டிஸ் லைட்-ஷீட் இந்தத் தாளை மேலும் மெல்லியதாக்கியது. இவை விலை உயர்ந்தவை. வாங்கச் சொல்லும் முன், அது இருக்கும் ஆய்வகத்தில் ஒரு நாள் நேரம் கேட்டு உங்கள் செல்லையே வைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 2: ஃபோகஸ் மெதுவாக விலகிக்கொண்டே போகிறது

100 மில்லிமீட்டர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 2.3 மைக்ரோமீட்டர் நீளும். 1.4 அப்பெர்ச்சர் (ஒளி திரட்டும் திறன்) உள்ள எண்ணெய் ஆப்ஜெக்டிவின் ஃபோகஸ் ஆழமோ அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. எனவே அறையின் ஒரு டிகிரி மாற்றமே படத்தை அழித்துவிடும்.

விலகலின் வடிவத்தைப் பாருங்கள். நுண்மணி ஸ்லைடை வைத்து, தானியங்கி ஃபோகஸை அணைத்து, நிமிடத்துக்கு ஒரு சிறு அடுக்குத் தொகுப்பாக ஒரு மணி நேரம் எடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் நுண்மணி எந்த உயரத்தில் கூர்மையாக இருக்கிறது என்று வரைபடமாக்குங்கள்.

### ஒரே திசையில் போய்ப் படிப்படியாக நின்றால்

கருவி இன்னும் சூடேறி முடியவில்லை. உறைக்கூடு (நுண்ணோக்கியை மூடிய சூடான பெட்டி) முழுதும் சூடேற மூன்று நான்கு மணி நேரம் ஆகும். முந்தின இரவே போட்டுவைப்பது நல்லது. தட்டையும் படமெடுப்பதற்கு 30 நிமிடம் முன்பே ஸ்டேஜில் வையுங்கள்.

### அலைபோல் ஏறி இறங்கினால்

ஏர்கண்டிஷனர். அலையின் காலத்தையும் கம்ப்ரஸர் ஓடி நிற்கும் காலத்தையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகவே இருக்கும். காற்று வாயை நுண்ணோக்கியின் பக்கமிருந்து திருப்புங்கள். திருப்ப முடியாவிட்டால் அட்டைத் தடுப்பு வையுங்கள். அறையின் குளிரை அடிக்கடி மாற்றாமல் ஒரே நிலையில் நாள் முழுக்க விடுங்கள்.

### திடீரென்று துள்ளினால்

தட்டு கிளிப்பில் சரியாக உட்காரவில்லை. அல்லது எண்ணெய் கூடுதலாகி, ஸ்டேஜ் நகரும்போது கண்ணாடியை இழுக்கிறது. ஒரு சிறு துளி எண்ணெய் போதும். பல இடங்களைச் சுற்றிவரும் ஓட்டத்தில் மட்டும் துள்ளினால் ஸ்டேஜ் வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். நீர் ஆப்ஜெக்டிவ் என்றால் நீர் காய்ந்திருக்கும். இரவு ஓட்டத்துக்கு நீருக்குப் பதில், 1.33 ஒளிவிலகல் எண் உள்ள காயாத திரவத்தைப் போடுங்கள்.

### தானியங்கி ஃபோகஸ் பிடிக்கவே இல்லை என்றால்

அது அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, கண்ணாடியும் மீடியமும் சேரும் தளத்தில் பட்டுத் திரும்புவதைத் தேடுகிறது. அடிக்கண்ணாடியில் விரல் தடம், எண்ணெயில் குமிழி, தட்டின் அடி பிளாஸ்டிக், இவற்றில் ஒன்று இருந்தாலும் தேடியது கிடைக்காது. ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள். ஆப்ஜெக்டிவின் பின்புற வட்டத்தில் கருவளையம் தெரிந்தால் அது குமிழி. துடைத்துப் புது எண்ணெய் வையுங்கள். ஆப்ஜெக்டிவ் மாற்றியபின் ஆஃப்செட்டை (அந்தத் தளத்திலிருந்து ஃபோகஸ் இருக்க வேண்டிய தூரத்தை) மறுபடி அமைக்க வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

மூன்று மணி நேரம் சூடேறிய பிறகு, ஏர்கண்டிஷனர் சீராக இருக்க, நுண்மணி ஸ்லைடு மணிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் விலகினால் ஃபோகஸ் மோட்டாரோ பீசோவோ ஆப்ஜெக்டிவ் தலையோ தளர்ந்திருக்கிறது. அந்த வரைபடத்தோடு பொறியாளரை அழையுங்கள். நீங்களே திருகை முறுக்க வேண்டாம்.

## அறிகுறி 3: படம் மங்கல், நேற்றைவிட இன்று வெளிச்சம் குறைவு

பைசா செலவில்லாதவை. ஒளிப்பாதை முழுதும் கேமராவுக்குப் போகிறதா, ஐபீஸுக்கும் பிரிகிறதா? டி.ஐ.சி. பார்த்தவர் அனலைசரை (ஒளியின் ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் தகட்டை) உள்ளேயே விட்டுவிட்டாரா? அது ஒளிர்வில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். ஃபில்டர் கியூப் (நிறம் பிரிக்கும் கண்ணாடிப் பெட்டி) சரியான இடத்தில் நின்றிருக்கிறதா? யாராவது 40 மடங்கு உலர் ஆப்ஜெக்டிவை எண்ணெயில் தோய்த்துவிட்டார்களா? மங்கல் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த உலர் ஆப்ஜெக்டிவ்தான்.

துடைக்கும் முறை: லென்ஸ் தாளை மடித்து, ஓரத்தில் லென்ஸ் துடைப்பான் திரவம் ஒரு துளி, அழுத்தாமல் ஒரே திசையில் ஓர் இழுப்பு, தாளைத் தூக்கி எறிந்து புதுத் தாள். சட்டைத் துணியும் முகம் துடைக்கும் டிஷ்யூவும் லென்ஸ் பூச்சைக் கீறும்.

கண்ணாடியின் தடிமன். ஆப்ஜெக்டிவில் 0.17 (மில்லிமீட்டர்) என்று எழுதியிருந்தால் 1.5 எண் கண்ணாடி வேண்டும். 1 எண் கண்ணாடி மெலிது, சாதாரண பிளாஸ்டிக் தட்டு ஒரு மில்லிமீட்டர். திருத்து வளையம் உள்ள ஆப்ஜெக்டிவில் வளையத்தை நுண்மணி பார்த்துத் திருப்புங்கள்: ஃபோகஸுக்கு மேலும் கீழும் மணி ஒரே மாதிரி விரிய வேண்டும்.

எண்ணெய். சாதாரண எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.518 என்பது 23 டிகிரியில். 37-இல் அது சுமார் 0.005 குறையும். 37 டிகிரிக்கென்று தனி எண்ணெய் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இரண்டு எண்ணெயைக் கலக்காதீர்கள். செல்லுக்குள் 10, 20 மைக்ரோமீட்டருக்கு மேல் ஆழமாகப் போனால் எந்த எண்ணெயும் உதவாது. நீர் அல்லது சிலிக்கோன் ஆப்ஜெக்டிவுக்கு மாறுங்கள்.

விளக்கு. 100 வாட் பாதரச விளக்கின் ஆயுள் 200, 300 மணி நேரம்தான். உலோக ஹாலைடு சுமார் 2,000. எல்.இ.டி. பத்தாயிரத்துக்கு மேல். மணிக்கணக்கைப் பாருங்கள். மென்பொருளில் 20 சதவீதம் என்பது ஓர் அளவல்ல. ஆப்ஜெக்டிவில் வரும் மில்லிவாட்டை மாதம் ஒரு முறை அளந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுதினால் விளக்கு சாகிறதா, பாதை கோணியதா என்ற வாதமே எழாது.

பூஞ்சை. கடலோர டர்பனில் இது தனிக் கவலை. தைப்பூசக் காவடி எடுக்கும் ஜனவரி, பிப்ரவரி நாட்களில் ஈரம் உச்சத்தில் இருக்கும். விடுமுறையில் அறையின் ஏர்கண்டிஷனரும் அணைந்து கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆப்ஜெக்டிவைக் கழற்றி, ஐபீஸைத் தலைகீழாகப் பிடித்து உருப்பெருக்கியாக்கி இரு முனையையும் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைத்த நூல் தெரிந்தால் பூஞ்சை. வெளிப்பரப்பில் இருந்தால் துடைத்தால் போகும். உள்ளே இருந்தால் கழற்றத் துணியாதீர்கள். லென்ஸ்களின் இடைவெளி மைக்ரோமீட்டரில் அமைந்தது, மறுபடி சேராது. அதை மற்ற ஆப்ஜெக்டிவ்களிடமிருந்து பிரித்து, தனிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, தயாரிப்பாளரிடம் அனுப்புங்கள். அறை ஈரம் 60 சதவீதத்துக்குக் கீழே, லென்ஸ் பெட்டி ஈரம் 40, 50-க்குள் இருந்தால் இந்த நிலைமை வராது.

## அறிகுறி 4: பட்டை, மினுக்கல், தேன்கூடு

கிடையான பட்டைகள் மெதுவாக நகர்ந்தால்: அறை விளக்கின் கசிவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்கும். ரோலிங் ஷட்டர் கேமரா அதை வரியாகப் பதிவு செய்கிறது. விளக்கை அணைத்துப் பாருங்கள். அணைக்க வழியில்லை என்றால் பதிவு நேரத்தை 10 மில்லிவினாடியின் மடங்காக வையுங்கள்.

படம் நடுங்கினால்: காற்று மேசை மிதக்கிறதா என்று கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மிதந்தும் நடுங்கினால், சுவரிலிருந்து இறுக்கமாக வரும் கேபிள் அதிர்வைக் கடத்துகிறது. எல்லாக் கேபிளும் தளர்ந்து தொங்கட்டும்.

எஸ்.ஐ.எம். படத்தில் தேன்கூடு: அது செல்லில் இல்லை. முப்பரிமாண எஸ்.ஐ.எம். ஒரு தளத்துக்கு 15 படம் எடுக்கிறது; அந்த நேரத்தில் உறுப்பு நகர்ந்தாலோ ஒளிர்வு மங்கினாலோ இரைச்சல் கூடினாலோ மென்பொருள் கூட்டும் கணக்கு பிசகும். வேகமாக ஓடும் வெசிக்கிளை (செல்லுக்குள் இருக்கும் சிறு பையை) இருபரிமாணத்தில், 9 படத்தோடு எடுங்கள். நுண்மணியிலும் தேன்கூடு வந்தால் வேறு ஒளிவிலகல் எண் உள்ள எண்ணெயை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பொறியாளர்தான்.

லைட்-ஷீட்டில் இருண்ட கோடுகள்: ஒளி வரும் பக்கத்தில் குமிழி அல்லது நிறமி நிழல் போடுகிறது. மாதிரியைத் திருப்புங்கள்.

## அறிகுறி 5: ஒரு நிறம் இன்னொன்றில் தெரிகிறது

ஒவ்வொரு சாயமும் தனியாகப் போட்ட தட்டு, எதுவும் போடாத தட்டு. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு முடிவுக்கும் வராதீர்கள். சாயமே போடாத செல்லும் பச்சையில் ஒளிர்ந்தால் அது மீடியத்தின் ரைபோஃபிளேவினும் செல்லின் ஃபிளேவினும். ஒரே நேரத்தில் எடுக்கும் இரு நிறத்தைத் தனித்தனியாக ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

## அறிகுறி 6: மின்சாரம் போய் வந்தபின் எதுவும் சரியில்லை

லோட் ஷெடிங் (முறைவைத்து நிறுத்தும் மின்வெட்டு) முன்பைவிடக் குறைந்திருந்தாலும் மின்சாரம் போவது நிற்கவில்லை. திரும்பி வரும் கணத்தில் அழுத்தம் எகிறும். எல்லாச் சுவிட்சையும் உடனே அணைத்து, 15 நிமிடம் பொறுங்கள். பிறகு இந்த வரிசையில்:

1. ஆப்ஜெக்டிவைக் கையால் கீழே இறக்குங்கள். ஸ்டேஜ் கன்ட்ரோலர் எழும்போது தன் பூஜ்ஜியத்தைத் தேடி ஓடும். ஆப்ஜெக்டிவ் மேலே இருந்தால் தட்டின் விளிம்பில் மோதி முன் லென்ஸ் கீறிவிடும். மின்வெட்டால் வரும் மிக விலையுயர்ந்த சேதம் இதுதான், ஒரு நொடியில் தவிர்க்கக்கூடியதும் இதுதான்.
2. காற்று மேசையின் கம்ப்ரஸர் மறுபடி ஓடுகிறதா?
3. வாயு வால்வு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? சில வகை மின்சாரம் போனால் மூடும், சில திறந்தே நிற்கும். உங்களுடையது எது என்று தட்டில் செல் இல்லாத நாளில் சோதித்து எழுதிவையுங்கள். சிறிய மூடிய அறையில் வாயு கசிந்தால் ஆளுக்கே ஆபத்து.
4. பாதரச விளக்கு எரிந்துகொண்டிருந்ததா? ஆறும்வரை, குறைந்தது 30 நிமிடம், மறுபடி ஏற்றாதீர்கள். வெடிக்கும்.
5. கேமரா குளிர்ந்து நிலைக்கு வரட்டும். அதற்கு முன் எடுத்த படத்தில் வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருக்கும்.
6. சூடு: மீண்டும் மூன்று மணி நேரம்.

யு.பி.எஸ்.ஸில் கணினி, கேமரா, கன்ட்ரோலர் இருக்கட்டும். உறைக்கூட்டின் பெரிய ஹீட்டரை அதில் போட்டால் பேட்டரி சில நிமிடத்தில் காலி. ஸ்டேஜ் மேல் வைக்கும் சிறு ஹீட்டர் என்றால் தாங்கும். அதை மட்டும் சேர்த்தால் செல் பிழைக்கும், ஃபோகஸ் விலகினாலும்.

## பொறியாளரை எப்போது அழைப்பது, எதோடு அழைப்பது

லேசர் பெட்டியின் மூடி, ஸ்கேன் தலை, ஸ்பின்னிங் டிஸ்க் தலை, கேமராவின் உள்ளே: இவற்றை எந்தக் காரணத்துக்கும் திறக்க வேண்டாம். கான்ஃபோகல் லேசர்கள் கண்ணைக் குருடாக்கும் வகுப்பைச் சேர்ந்தவை. மூடி இருப்பதால்தான் அறையில் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் உட்கார முடிகிறது. ஆப்ஜெக்டிவில் மில்லிவாட் சென்ற மாதத்தின் பாதிக்கு இறங்கி, துடைத்தும் ஏறவில்லை. நுண்மணி எல்லா ஆப்ஜெக்டிவிலும் ஒரே பக்கம் வால் நீட்டுகிறது. ஸ்டேஜ் திரும்பி வரும்போது ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் தாமதிக்காதீர்கள்.

பொறியாளர் வேறு நகரத்திலிருந்து விமானத்தில் வரும்படி இருந்தால், பயணமும் தங்கலும் கட்டணத்தில் சேரும். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வாரங்கள் ஆகும். எனவே அழைக்கும் அன்றே அனுப்ப வேண்டியவை: நுண்மணியின் முப்பரிமாண அடுக்கு, ஒவ்வொரு ஆப்ஜெக்டிவிலும் ஒன்று; மில்லிவாட் எழுதிய சுவர்த்தாளின் படம்; ஃபோகஸ் விலகல் வரைபடம்; மென்பொருளின் பிழைப் பதிவுக் கோப்பு; கோளாறு தொடங்கிய நாளில் மின்சாரம் போனதா, யாராவது பாகம் மாற்றினார்களா என்ற விவரம். இவை கையில் இருந்தால் சரியான பாகத்தை எடுத்துக்கொண்டே வருவார், இரண்டாம் பயணத்துக்குப் பணம் கட்ட வேண்டியிருக்காது. அவர் வரும் நாளில் தட்டில் செல் வைக்காதீர்கள். ஸ்டேஜில் நுண்மணி ஸ்லைடும், முந்தின இரவே 37-இல் நிலைத்த கருவியும் இருக்கட்டும்.